“ஃபெய்த்” என்ற சொல்: மலைமேல் ஒரு பொருள், கோர்ட்டில் ஒரு பொருள்!

சித்தூர் கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவரிடம் போய் நின்றால், பெயர்த் திருத்தமோ நிலத் தகராறோ, அவர் முதலில் கேட்பது “அஃபிடவிட்டா?” என்பதுதான். பிள்ளையின் ஸ்காலர்ஷிப்புக்குப் பள்ளிக்கூடத்தில் “போனஃபைடு” சர்டிபிகேட் வாங்க வேண்டும். ஆபீஸ் குமாஸ்தா ஒரு நாளைக்கு எத்தனை கடிதம் அடித்தாலும் கடைசி வரி “யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி”.

இந்த மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லத்தீன் மொழியில் “ஃபீடெஸ்” என்று ஒரு சொல் உண்டு. சொன்ன வாக்கில் நிற்பது, நம்பத் தகுந்த தன்மை என்பது அதன் பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து “ஃபெய்த்” ஆயிற்று. சட்டசபையில் கொண்டுவரும் “நோ கான்ஃபிடன்ஸ்” தீர்மானத்தில் இருப்பதும் அதே வேர்தான்.

ஆக, தொடக்கத்தில் இது சாமி சம்பந்தப்பட்ட சொல் அல்ல. மனிதனுக்கு மனிதன் கொடுக்கும் வாக்கு சம்பந்தப்பட்டது.

ஒரே நம்பிக்கை!

தமிழில் வந்தால் எல்லாவற்றுக்கும் “நம்பிக்கை” என்ற ஒரு சொல்லே ஓடி ஓடி உழைக்கிறது. பஸ் வரும் என்பதும் நம்பிக்கை, பெருமாளிடம் வைப்பதும் நம்பிக்கை. சீட்டுப் பணத்தைச் சுருட்டினால் “நம்பிக்கை மோசடி”. ஆங்கிலத்தில் பஸ்ஸுக்கு “பிலீஃப்” போதும், “ஃபெய்த்” தேவையில்லை. ஒன்று நடக்கும் என்று எண்ணுவது பிலீஃப். ஒருவரிடம் தன்னை ஒப்படைப்பது ஃபெய்த். “அவர் சொன்னதை நம்பினேன்” என்பதற்கும் “அவரையே நம்பியிருக்கிறேன்” என்பதற்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சித்தூர்த் தமிழருக்கு இன்னொரு சிக்கல், தெலுங்கு. தமிழில் “விசுவாசம்” என்றால் முதலில் நினைவுக்கு வருவது நாயும் பழைய வேலைக்காரரும். அடுத்தபடி மாதா கோயில். தெலுங்கிலோ “விஸ்வாசம்” சாதாரணமாகப் புழங்கும் சொல். தமிழில் “நம்பிக்கையில்லாத் தீர்மானம்” என்பதைத் தெலுங்குப் பேப்பர்கள் “அவிஸ்வாச தீர்மானம்” என்று போடும். புதிதாக வேலைக்கு வந்தவர் மந்திரி ஏதோ எஜமான துரோகம் செய்துவிட்டார் என்று நினைத்தால் தப்பில்லை.

அரசியல் சட்டத்தின் முகவுரையிலேயே பிலீஃப், ஃபெய்த் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழ்ப் பாடநூல்களில் அவை “கோட்பாடு, சமய நம்பிக்கை” என்று இருக்கும். தெலுங்கில் “விஸ்வாசம், தர்மம்”. ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பது அடுத்தடுத்த இரண்டு மொழிகளில் இரண்டு விதமாகப் பிரிந்துவிட்டது.

சட்டத்திலும் குழப்பம்

“குட் ஃபெய்த்” என்பதைச் சட்டமே இரண்டு விதமாகச் சொல்கிறது. 1897-ம் ஆண்டு பொது விதிகள் சட்டப்படி, நேர்மையாகச் செய்திருந்தால் போதும். கவனக்குறைவு இருந்தாலும் அது குட் ஃபெய்த்தான். 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமோ, தக்க கவனம் இல்லாமல் செய்ததை அப்படிச் சொல்ல முடியாது என்றது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதே கவனத்தைத்தான் கேட்கிறது. கணக்கில் தப்பு விழுந்த குமாஸ்தா “மனசறியச் செய்யவில்லை ஐயா” என்றால், ஒரு சட்டத்தில் அது செல்லும், இன்னொன்றில் “சிரத்தையாகப் பார்த்தாயா?” என்ற கேள்வி வரும்.

சிரத்தை என்ற சொல்லிலும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் வரும் “சிரத்தா” என்பதை டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆங்கிலத்தில் “ஃபெய்த்” என்றுதான் மொழிபெயர்த்தார். அதே வடசொல் தமிழுக்கு வந்து கவனமாக வேலை பார்ப்பதைக் குறிக்கிறது. 1888-ல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், சிறு வயதில் திருப்பதியில் ஜெர்மன் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர். 1950-களில் அவர் எழுதிய ஒரு நூலின் பெயரே “ரெகவரி ஆஃப் ஃபெய்த்”.

மலைமேல் ஒரு கையெழுத்து

இந்தச் சொல்லுக்குக் கனம் கூடுவது திருமலையில். இந்து அல்லாதவர் ஏழுமலையானைத் தரிசிக்க வேண்டுமானால் ஒரு “டிக்ளரேஷன்” எழுதிக் கையெழுத்திட வேண்டும். 1990-ல் ஆந்திர அரசு பிறப்பித்த 311-ம் எண் உத்தரவில் இதற்கு விதி உண்டு. “நான் இன்ன மதத்தைச் சேர்ந்தவன், ஆயினும் சுவாமியிடம் எனக்கு ஃபெய்த் உண்டு, தரிசனத்துக்கு அனுமதிக்க வேண்டும்” என்பது அதன் சாரம்.

2024 செப்டம்பரில் முன்னாள் முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி திருமலைக்கு வருவதாக அறிவித்தபோது, அவர் கையெழுத்திட வேண்டும் என்று பெரிய சர்ச்சை எழுந்தது. பயணமே ரத்தாயிற்று. சில நாள் கழித்து, அக்டோபர் 2-ந் தேதி துணை முதல்வர் பவன் கல்யாணின் இளைய மகள் கையெழுத்திட்டார். அவர் மைனர் என்பதால் தகப்பனாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்.

பாங்கிக் கணக்கு என்றால் மைனருக்காகத் தகப்பனார் கையெழுத்திடுவது வழக்கம்தான். மனசுக்குள் இருக்கும் ஒன்றுக்கு இன்னொருவர் எப்படிக் கையெழுத்திடுவது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படிவம் கேட்பது மனசை அல்ல, வாக்கை என்று பார்த்தால் விஷயம் விளங்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அளக்க எந்த அதிகாரியிடமும் படிக்கல் கிடையாது. அவர் பெற்றுக்கொள்வது “இருக்கிறது” என்ற சொல்லை மட்டுமே. லத்தீன்காரர் அந்தச் சொல்லுக்கு வைத்த பொருளும் அதுதானே!

கூட வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பும்போது, “நீயும் வாப்பா” என்று இஸ்லாமியத் தோழரையோ கிறிஸ்தவத் தோழரையோ கூப்பிடுவது உண்டு. கையெழுத்திட்டால் மதம் மாறியதாகிவிடுமோ என்று அவர் தயங்கலாம். அந்தப் படிவத்தில் மதமாற்றத்துக்கு இடமே இல்லை. இன்ன மதத்தவன் என்று அவர் தம் கையாலேயே எழுத வேண்டும். அதற்கு அடுத்துத்தான் “ஆயினும்” வருகிறது. அந்த “ஆயினும்” தமக்குப் பொருந்துமா என்பதைத்தான் அவர் கையெழுத்துக்கு முன்னால் யோசிக்க வேண்டும். அதைக் கூட வந்தவர்கள் சொல்லித்தர முடியாது.