எலும்பு சொன்ன சாட்சி

செட்டிகுளத்தில் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காக்கும் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை, வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் சரக்கு என்ன கதியாகும் என்பது! மண்ணுள் புதைந்த மனிதனின் மரபணுவும் அப்படித்தான். குளிர்நாட்டு எலும்பிலே பல்லாயிரம் ஆண்டு நிலைக்கும். நம் நாட்டு வெயிலிலே சிதைந்துபோகும். வடக்கே அரியானாவில், இராகிகடி என்னும் சிந்துவெளி ஊரின் இடுகாட்டில் கிடைத்த அறுபதுக்கு மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். வாய் திறந்தது ஒன்றே ஒன்று! ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் எலும்பு.

2019 செப்டம்பரில் வெளிவந்தது அவள் சாட்சி. நடு ஆசியப் புல்வெளியிலே மாடு மேய்த்துத் திரிந்த கூட்டத்தாரின் மரபு அவளிடம் இல்லை. உடனே சிலர் துள்ளினர், "பார்த்தீர்களா, ஆரியர் வரவே இல்லை!" என்று. ஆகா, என்ன அறிவு! திருடன் வருவதற்கு முதல்நாள் எடுத்த படத்தில் திருடன் இல்லையாம். ஆகவே திருட்டே நடக்கவில்லையாம்! அதே வேளையில் 523 பழங்கால மனிதர்களின் மரபணுவை ஆராய்ந்து மற்றொரு கட்டுரை வந்தது. இராகிகடி ஆய்வாளர் சிலரும் அதிலே கையொப்பமிட்டவர்களே. புல்வெளி மரபு கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையே இங்கு நுழைந்தது என்கிறது அது. வடபுலத்தில் வழிவழியாகப் புரோகிதம் செய்த குலங்கள் பலவற்றில் அந்தப் பங்கு கூடுதல் என்றும் சொல்கிறது. துள்ளியவர்கள் இதை மட்டும் படிக்கவில்லை போலும்!

அதற்காக, நாம் கலப்பற்ற குருதியினர் என்று மார்தட்டவும் இடமில்லை, தோழர்களே! ஐதராபாத் ஆய்வு மையத்து அறிஞர் தங்கராஜும் அமெரிக்க அறிஞர்களும், இன்று வாழ்வோரின் மரபணுவைக்கொண்டு 2013-இல் ஒரு கணக்குப் போட்டனர். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை, மலைவாழ் மக்கள் உட்பட இந்நாட்டார் அநேகமாக எல்லோருமே கலந்திருக்கிறார்கள். கதவு அடைபட்டது அதன் பிறகே! பிறப்பிலேயே பிரித்துவைத்தான் பிரமன் என்ற பேச்சை அந்தக் கணக்கின் பக்கத்திலே வைத்துப் பாருங்கள்.

அடைத்த கதவுக்கு விலையும் உண்டு. ஆந்திரத்து வணிகச் சாதி ஒன்று, ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகத் தனக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை செய்துவந்தது. அவர்களில் சிலருக்குப் பிறவியிலேயே ஒரு குறை: அறுவையின்போது தசை தளரக் கொடுக்கும் மருந்து, மற்றவர்க்குச் சில நிமிடங்களில் தெளிந்துவிடும், இவர்களுக்கோ தெளியாமல் மூச்சையே முடக்கிவிடுகிறது.