ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லோ?

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் இலக்கணப் பிழைக்கு அஞ்சும் அளவிற்குச் சொற்பிழைக்கு அஞ்சுவதில்லை. எழுவாயும் பயனிலையும் இயையாவிடின் வாசிப்போர் அதனைப் பிழையென்று கண்டு மன்னித்துவிடுவர். சொல் பிழைத்தவிடத்தோ வாக்கியம் செவ்வையாகவே நிற்கும். எழுதினவர் எண்ணாத பொருளை வாசித்தவர் கொள்வர். ஆதலின் இப்பிழையே அதிகக் கேடு விளைப்பது என்பது நம் கருத்து.

'டௌட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் 'சந்தேகம்' என்பது ஐயுறவையும் குறிக்கும். பாடத்தில் விளங்காததொன்றையும் குறிக்கும். "ஐயா, ஒரு சந்தேகம்" என்று மாணவன் எழுந்து நிற்பது பணிவேயாம். ஆங்கிலேயர் செவியிலோ 'டௌட்' என்பது பெரும்பாலும் நம்பிக்கையின்மையையே காட்டும். மேனாட்டுக் கல்லூரியில் இடம் வேண்டும் ஒருவர், "தங்கள் கடிதத்தைப்பற்றி எனக்கு டௌட் உண்டு" என்று எழுதுவாராயின், கடிதத்தின் உண்மையையே இவர் ஐயுறுகின்றார் போலும் என அங்குள்ளோர் நினைக்க இடமுண்டு. 'குவெஸ்சன்' என்றிருந்தால் தொல்லையில்லை.

'வேண்டும்' என்பதும் இத்தகையதே. "விடுமுறை அளிக்கவேண்டும்" என்பது தமிழ் விண்ணப்பத்தில் வணக்கமான வாசகம். அதனையே 'மஸ்ட்' என்று பெயர்த்தால் வேண்டுகோள் கட்டளையாகிவிடுகிறது. விருப்பம், தேவை, கடமை, வேண்டுதல் ஆகிய நான்கையும் நம் ஒரு சொல் தாங்கிநிற்க, ஆங்கிலம் அவற்றை வெவ்வேறு சொற்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கின்றது. அவ்வாறே 'கேள்' என்பது ஓசை காதில் விழுதற்கு 'ஹியர்' எனவும், செவிகொடுத்தற்கு 'லிஸன்' எனவும், வினாவுதற்கு 'ஆஸ்க்' எனவும் பிரியும். கடன் வாங்குதல் 'பாரோ', கொடுத்தல் 'லெண்ட்'. கால்விரலை 'ஃபிங்கர்' என்னாது 'டோ' என்க.

ஆங்கிலம் சுருங்கி நிற்க, தமிழ் விரியும் இடங்களும் உண்டு. பெரியப்பா மகனும் மாமன் மகளும் அவர்களுக்கு ஒருசேரக் 'கஸின்'. நம்மவர் 'கஸின் பிரதர்' என்று ஒட்டுப்போட்டுச் சொல்வதை ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பர். அடித்தல் முறையே; எனினும் நகைக்க நமக்கு மனம் வரவில்லை. பிறந்ததுமுதல் அண்ணன் என்று அழைத்தவரைக் 'கஸின்' என்ற மட்டில் நிறுத்த நாவெழாதன்றோ!

இவற்றிற்கெல்லாம் காரணம், ஒரு தமிழ்ச்சொல்லுக்கு நேராக ஒரே ஆங்கிலச்சொல்லை எழுதி மனனம் செய்யும் வழக்கமே. வின்ஸ்லோ ஐயர் 1862-ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்ட தமிழ்-ஆங்கிலப் பேரகராதியைப் புரட்டிப் பார்ப்போர், ஒரு தமிழ்ச்சொல்லின்கீழ் ஆங்கிலப் பொருள்கள் பல அடுக்கிவருதலைக் காண்பர். குறிப்பேட்டில் சொல்லைத் தனியே எழுதாது, அது பயின்றுவரும் வாக்கியத்தோடு எழுதிவைப்பதே தக்க வழியாம்.

தமிழில் வந்து குடியேறிய ஆங்கிலச் சொற்களிடத்தும் எச்சரிக்கை வேண்டும். நமக்கு 'ஹோட்டல்' பெரும்பாலும் உண்ணும் இடம். ஆங்கிலத்தில் அது தங்கும் விடுதி. இங்கிருந்து சென்ற சொல்லும் இவ்வாறே மாறியுள்ளது. மரங்களைக் கயிற்றாற் பிணித்த நம் கட்டுமரம் ஆங்கிலத்திற் புகுந்து 'கட்டமரான்' ஆயிற்று. இன்று அச்சொல் பெரும்பாலும் இரண்டு உடற்பகுதிகளை அருகருகே இணைத்த படகையே குறிக்கின்றது. கடற்கரையூர் மாணவர் அச்சொல்லை ஆங்கில நூலிற் கண்டு, நம் கட்டுமரம் என்றே பெயர்த்துவிடுதல் கூடும்.