பள்ளிக்கு வெளியிலிருந்து வரும் மனநலச் சேவையாளர்கள்: பெற்றோரும் பாதுகாவலரும் அறிய வேண்டியவை

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிப்பவர்களில் பலர் அப்பள்ளியின் ஊழியர்கள் அல்லர். மருத்துவக் குழுவினர், உளவியல் ஆலோசகர்கள், சிறப்புப் பயிற்றுநர்கள், தொண்டு நிறுவனத்தினர் எனப் பலர் வெவ்வேறு நாள்களில் வந்து செல்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் துறைக்கோ நிறுவனத்திற்கோ பொறுப்பானவர்கள். ஒருவர் எழுதி வைத்த குறிப்பு மற்றவர் கைக்குத் தானாகச் சென்று சேர்வதில்லை.

ஆனால் இவர்கள் அனைவரும் பார்ப்பது ஒரே பிள்ளையை. ஆகவே, யார் எதைச் செய்கிறார், எதனை யாரிடம் தெரிவிக்கலாம், பொறுப்பு யாருடையது என்பவை தெளிவாக இருத்தல் வேண்டும். இதற்காகப் பெற்றோராகிய நீங்கள் செய்யக்கூடியவற்றைத் தமிழ்நாட்டுச் சூழலில் இப்பக்கம் விளக்குகிறது.

பள்ளிக்கு யார் யார் வருகின்றனர்?

• தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு: 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இத்திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோருக்கானது. இக்குழு பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வந்து பார்வை, செவித்திறன், ஊட்டச்சத்துக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் முதலியவற்றைப் பரிசோதிக்கும். மேல் பரிசோதனை தேவைப்படும் பிள்ளையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கும்.

• மாவட்ட மனநலத் திட்டக் குழு: மனநல மருத்துவர், உளவியலாளர், மனநல சமூகப்பணியாளர், செவிலியர் ஆகியோர் இக்குழுவில் பணியாற்றுகின்றனர். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை அளிப்பதுடன் பள்ளிகளில் விழிப்புணர்வுப் பணியிலும் ஈடுபடுகின்றனர்.

• சிறப்புப் பயிற்றுநர்கள்: வட்டார வள மையத்திலிருந்து வரும் இவர்கள், கற்றல் குறைபாடும் பிற மாற்றுத்திறனும் உடைய பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கின்றனர்.

• தொண்டு நிறுவன ஆலோசகர்களும் கல்லூரிப் பயிற்சி மாணவர்களும்: பள்ளியின் அனுமதியுடன் குறிப்பிட்ட காலத்திற்கு வருபவர்கள். பயிற்சி மாணவர் எனில் அவருக்கு மேற்பார்வையாளர் ஒருவர் இருக்க வேண்டும்.

மருந்து எழுதித் தரும் தகுதி மருத்துவருக்கே உண்டு. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘ஆலோசகர்’ என்னும் பெயரைப் பலதரப்பட்ட கல்வித் தகுதி உடையவர்களும் பயன்படுத்துகின்றனர். எனவே அவருடைய தகுதி என்ன என்று கேட்பது தவறன்று.

ஒருங்கிணைப்பு இல்லாவிடில் என்ன நேரும்?

எட்டாம் வகுப்பில் பயிலும் ஒரு சிறுவன் வகுப்பில் கவனமின்றி இருக்கிறான் என்று கொள்வோம். வாரம் ஒரு முறை வரும் தொண்டு நிறுவன ஆலோசகர் அவனுக்குக் கவனப் பயிற்சி அளிக்கிறார். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு, செவித்திறன் பரிசோதனைக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதித் தருகிறது. அச்சீட்டு புத்தகப் பையிலேயே தங்கிவிடுகிறது. இதற்கிடையில் பெற்றோர் அவனை மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல, அங்கு அதிகச் செயல்பாட்டுடன் கூடிய கவனக்குறைபாடு எனக் கருதி மருந்து தொடங்கப்படுகிறது.

இம்மருந்துகளுள் சில பசியைக் குறைக்கும். மருந்து பற்றி அறியாத வகுப்பாசிரியர், சிறுவன் மதிய உணவை ஒதுக்குவதைப் பிடிவாதம் என்று கண்டிக்கிறார். ஆலோசகரோ அதனை மனச்சோர்வின் அறிகுறியாகக் குறித்துக்கொள்கிறார். அவனுக்குச் சரியாகக் காது கேட்கிறதா என்பதை எவரும் இன்னும் சோதிக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் பணியைச் செய்தும், சிறுவனுக்குத் தேவையான முதல் பரிசோதனை விடுபட்டுப் போயிற்று.

இதில் மருத்துவ அடிப்படையிலும் ஒரு முக்கியச் செய்தி உண்டு. கவனக்குறைபாட்டு நோயை உறுதிசெய்ய, அதன் அறிகுறிகள் வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். வீட்டில் நீங்கள் காண்பதை மட்டும் கேட்டு மருத்துவர் முடிவெடுக்க இயலாது. பள்ளியில் நிகழ்வதும் அவருக்குத் தெரிய வேண்டும். செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, இரத்தசோகை, சில விநாடிகள் நினைவு தப்பிச் செல்லும் ஒருவகை வலிப்பு ஆகியவையும் கவனமின்மை போலத் தோன்றக்கூடும்.

பள்ளியில் உங்கள் தொடர்பு யார்?

தலைமையாசிரியரைச் சந்தித்து, உங்கள் பிள்ளை தொடர்பாக ஓர் ஆசிரியரைத் தொடர்பு ஆசிரியராகக் குறிப்பிடுமாறு கேளுங்கள். பிள்ளையுடன் இணக்கமாகப் பேசக்கூடிய ஆசிரியராக அவர் இருத்தல் நலம். அவர் சிகிச்சை அளிக்க வேண்டியதில்லை. அவருடைய பணிகள் மூன்று:

1. வெளியிலிருந்து வருவோர் எந்த நாளில், எந்த நேரத்தில் பிள்ளையைச் சந்திக்கின்றனர் என்பதை அறிந்திருத்தல்.
2. பரிந்துரைச் சீட்டு ஏதேனும் வழங்கப்பட்டால் அன்றே உங்களுக்குத் தெரிவித்தல்.
3. ஒரே காலத்தில் இருவர் ஒரே பணியைச் செய்ய நேர்ந்தால் அதனைச் சுட்டிக்காட்டுதல்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்கள் உறுப்பினராக இருந்தால், ஆலோசகர்களின் வருகை அட்டவணை, தனித்துப் பேசுவதற்கான அறை, அவர்களுடைய தகுதிச் சான்றுகள் ஆகியவை பற்றி அங்கு கேட்கலாம். ஆனால் எந்தப் பிள்ளையின் மனநல நிலையையும் அக்கூட்டத்தில் விவாதிக்கலாகாது. உங்கள் பிள்ளையின் பெயர் அங்கு எடுக்கப்பட்டால் மறுப்புத் தெரிவியுங்கள்.

ஒப்புதல் அளிக்கும் முன் கேட்க வேண்டியவை

உங்களிடம் ஒப்புதல் படிவம் தரப்பட்டால் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். படிக்க இயலாவிடில் வாசித்துக் காட்டுமாறு கேளுங்கள். பின்வரும் கேள்விகள் உதவும்:

• தாங்கள் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்? தங்கள் தகுதி என்ன? மேற்பார்வையாளர் யார்?
• பிள்ளையை எத்தனை முறை, எங்கு சந்திப்பீர்கள்? எந்தப் பாடவேளை தவறும்?
• குறிப்புகளை எங்கு வைப்பீர்கள்? யார் படிப்பார்கள்?
• பிள்ளைக்குக் கூடுதல் சிகிச்சை தேவையெனில் எங்கு அனுப்புவீர்கள்?
• தாங்கள் வராத நாள்களில் அவசரநிலை ஏற்பட்டால் யாரை அழைக்க வேண்டும்?
• இத்திட்டம் எப்போது முடிவடைகிறது? அதன் பின் பிள்ளையை யார் கவனிப்பார்?

கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் நடைபெறும் திட்டங்கள் கல்வியாண்டின் இறுதியில் நின்றுவிடலாம். பழகிய ஆலோசகர் சொல்லாமல் நின்றுபோனால், தன்மேல் ஏதோ குறை இருப்பதாகப் பிள்ளை எண்ணக்கூடும். விடைபெறும் சந்திப்பு ஒன்றும், அடுத்தவருக்கான எழுத்து மூலமான குறிப்பு ஒன்றும் வேண்டும் என்று கேளுங்கள்.

எவற்றைப் பகிரலாம்? எவற்றைப் பகிரலாகாது?

மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் மனநலம், உடல்நலம், சிகிச்சை பற்றிய தகவல்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு கூறுகிறது. சிகிச்சைக்காகப் பிற மனநல வல்லுநர்களுக்கும் மருத்துவர்களுக்கும் தெரிவித்தல், உயிருக்கு ஏற்படும் ஆபத்தைத் தடுத்தல், பிறரைத் தீங்கிலிருந்து காத்தல் முதலியவை இதற்கு விலக்குகள். பிறரைக் காப்பதற்காகச் சொல்லும்போதும் அதற்குத் தேவையான அளவே வெளியிடலாம். 18 வயதுக்குட்பட்டோருக்குச் சட்டப்படியான பாதுகாவலரே நியமனப் பிரதிநிதியாவார். 25-ஆம் பிரிவின்படி அடிப்படை மருத்துவ ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு.

ஆசிரியர்கள் இவ்விலக்குகளில் தனியே குறிப்பிடப்படவில்லை. எனவே ஆசிரியரிடம் எதனைச் சொல்வது என்பதை நீங்களும் பிள்ளையும் மருத்துவருடன் கலந்து முடிவுசெய்யுங்கள். நோயின் பெயரோ குடும்பத்தில் நிகழ்ந்தவையோ ஆசிரியருக்குத் தெரிய வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. ‘முன்வரிசையில் அமர வேண்டும், உரக்கப் படிக்குமாறு சொல்ல வேண்டா, பதற்றம் மிகும்போது ஐந்து நிமிடம் வெளியே சென்றுவர அனுமதிக்க வேண்டும்’ என்ற அளவே போதுமானது.

இரகசியம் காத்தலுக்கு ஓர் எல்லையும் உண்டு. பிள்ளை பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருப்பதை அறியும் எவரும் அதனைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 கட்டாயமாக்கியுள்ளது. ஆலோசகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்ற முழு உறுதியை எந்த ஆலோசகராலும் பிள்ளைக்கு அளிக்க இயலாது. முதற் சந்திப்பிலேயே இதனைப் பிள்ளைக்குப் புரியும்படி விளக்குவது நல்ல ஆலோசகரின் கடமை.

ஒரு பக்கக் குறிப்பு

பிள்ளை தன் துயரத்தை ஒவ்வொருவரிடமும் தொடக்கத்திலிருந்து சொல்ல நேர்வது அவருக்குப் பெரும் சுமை. அதனைத் தவிர்க்க ஒரே ஒரு பக்கத்தில் பின்வருவனவற்றை எழுதி வைத்திருங்கள்:

• பிள்ளையின் பெயர், வயது, வகுப்பு
• தற்போது பார்க்கும் மருத்துவர், ஆலோசகர், சிறப்புப் பயிற்றுநர். அடுத்த சந்திப்பு நாள்
• உட்கொள்ளும் மருந்துகள், அளவு, தொடங்கிய நாள், கண்ட பக்கவிளைவுகள்
• இதுவரை செய்த பரிசோதனைகளும் இன்னும் செய்ய வேண்டியவையும்
• பிள்ளைக்கு உதவுபவை, பதற்றம் தருபவை
• அவசரத் தொடர்பு எண்

இதன் மூலப் படி உங்களிடமே இருக்கட்டும். புதியவர் வரும்போது காட்டுங்கள். எந்தப் பகுதியைக் காட்டலாம் என்பதைப் பிள்ளையிடமும் கேளுங்கள். பரிந்துரைச் சீட்டுகளையும் மருத்துவமனைச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். கற்றல் குறைபாடுடைய மாணவர்கள் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைப் பெற மருத்துவச் சான்று தேவைப்படும். சான்று பெறுவதற்குக் காலம் ஆகும் என்பதால், தேர்வு நெருங்கும் வரை காத்திராமல் முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் பேசுங்கள்.

பிள்ளை மருந்து உட்கொண்டால்

மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் தரப்படும் பல மருந்துகளின் முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடக்க வாரங்களிலும் அளவு மாற்றப்படும் போதும் இளம் வயதினரிடம் அமைதியின்மையோ தற்கொலை எண்ணமோ தோன்றுகிறதா என்று கவனிக்க வேண்டும். பகற்பொழுதில் பிள்ளை பள்ளியிலேயே இருப்பதால், மருந்து தொடங்கியிருப்பதைத் தொடர்பு ஆசிரியருக்கும் பள்ளிக்கு வரும் ஆலோசகருக்கும் தெரிவிப்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு. மாறுதல் கண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்த வேண்டா. ஆசிரியரோ ஆலோசகரோ நிறுத்தச் சொன்னாலும் மருத்துவரைக் கேட்ட பின்னரே முடிவெடுங்கள்.

இருவர் மாறுபட்ட அறிவுரை கூறினால்

ஒருவர் ‘பள்ளிக்குச் செல்ல வற்புறுத்த வேண்டா’ என்றும், மற்றொருவர் ‘ஒருநாளும் விடுப்பு எடுக்க வேண்டா’ என்றும் கூறக்கூடும். எவர் சொல்வது சரி என்று நீங்களே தீர்மானிக்க வேண்டியதில்லை. இருவரையும் தொலைபேசியில் ஒருமுறை பேசுமாறு கேட்டு, அதற்கான ஒப்புதலை எழுத்து மூலம் கொடுங்கள். மனநல மருத்துவர் ஒருவர் சிகிச்சை அளித்துவந்தால், சிகிச்சைத் திட்டத்தை அவர் முடிவுசெய்வதும் மற்றவர்கள் அதற்கேற்பப் பணியாற்றுவதும் பொருத்தமானது.

நீங்களே மாணவராக இருந்தால்

உங்களைப் பார்க்க வருபவரிடம் அவருடைய பெயரையும் பணியையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முன்பு ஒருவரிடம் சொன்னதை மீண்டும் சொல்ல விருப்பமில்லையெனில், ‘முன்பே சொல்லிவிட்டேன், அவரிடம் கேளுங்கள்’ என்று கூறலாம். ஓர் ஆலோசகரிடம் பேச இயலவில்லை எனில் வேறொருவரைக் கேட்கலாம். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் உங்களை ஆலோசனைக்கு அழைக்க வேண்டா என்று தொடர்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

உடனடி உதவி தேவைப்படும் நிலை

பிள்ளை சாவு பற்றிப் பேசினாலோ எழுதினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, விடைபெறுவது போலப் பேசித் தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்தாலோ, பிறருக்குக் கேளாத குரல் கேட்பதாகக் கூறினாலோ, பள்ளிக்கு ஆலோசகர் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டா.

• பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகள், கூர்மையான பொருள்கள் ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள்.
• ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். அவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றுவதில்லை.
• உயிருக்கு ஆபத்து எனில் 108 எண்ணை அழையுங்கள். அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.
• மனநல ஆலோசனைக்கு 24 மணி நேரமும் இயங்கும் கட்டணமில்லா டெலி மானஸ் சேவை: 14416. தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்னும் பெயரில் இயங்குகிறது.
• மருத்துவ உதவி எண்: 104
• குழந்தைகள் உதவி எண்: 1098

அவசரநிலை தணிந்தபின், நிகழ்ந்ததைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கும் பள்ளிக்கு வரும் ஆலோசகருக்கும் தெரிவியுங்கள். பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் முன்னர், தொடர்பு ஆசிரியரைச் சந்தித்து முதல் வாரத்தில் அவரை யார், எப்போது கவனிப்பது என்பதை முடிவுசெய்து ஒரு பக்கக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.