எல்லையோர அணியறையில் உடைக்கலை

அமெரிக்காவில் 'காஸ்டியூம்-கான்' என்றொரு மாநாடு உண்டு. முதலாவது 1983-இல் சான் டியேகோ நகரில் நடந்தது. வேட உடை செய்கிறவர்கள் சில நாள் ஓரிடத்தில் கூடி, ஒருவர் கைவேலையை மற்றவர் பார்த்துப் படிப்பது அதன் முறை. நம் சங்க நாடகக்குழுத் தம்பி ஒருவர், "அண்ணாச்சி, அங்க போயி படிச்சிட்டு வரலாமா?" என்று கேட்டார். தாராளமாகப் போகட்டும். ஆனால் வாடகைக்கு ராஜா உடை எடுத்து, ஊக்கு குத்தி மேடையேறுகிற நாம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து அணியறையையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றுவிட்டது. நான் அந்தப் பக்கத்தவன்; வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். கோயில் திருவிழாவில் கதகளி என்றால் பெரியவர்கள் ஆட்டம் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கோ, தூக்கம் வருவதற்கு முன் பார்க்கக் கிடைப்பது அணியறை, அதாவது ஒப்பனை செய்யும் இடம்தான்.

அங்கே விளக்குக் கொளுத்திய பிறகே வேலை தொடங்கும். நடிகர் பாயில் மல்லாந்து படுத்திருப்பார். சுட்டிக்காரர் அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்துத் தாடையோரம் அடுக்கடுக்காக ஏற்றுவார். காகிதம் வெட்டி ஒட்டுவது பிற்கால வழக்கம். மணிக்கணக்காகும் வேலை அது. வள்ளத்தோள் 1930-இல் நிறுவிய கலாமண்டலத்தில் சுட்டிக்குத் தனிப் படிப்பே உண்டு.

உடை கட்டுவதற்கு 'உடுத்துக்கெட்டு' என்று பெயர். நடிகரின் இடுப்புக்குக் கீழே குடைபோல் விரிந்து நிற்கிறதே, அதைத் தைத்த பாவாடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கஞ்சி போட்டு மொரமொரவென்று உலர்த்திய துணிகளைக் கொசுவி, நீளமான கச்சையில் கோத்து, மேன்மேலும் அடுக்கி இடுப்பைச் சுற்றி இறுக்குகிறார்கள். ஊசிக்கு அங்கே வேலையில்லை. ஒருவர் சுற்ற, இன்னொருவர் காலை ஊன்றி இழுப்பார். "மூச்ச விடாத மக்ளே" என்று குரல் வரும். கட்டு தளர்ந்தால் நடுச்சாமத்தில் உடை நழுவும். மிஞ்சினால் ஆட முடியாது. எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அளவுநாடா கிடையாது. இழுக்கிறவனின் கைதான் அதை அறியும். புத்தகத்தில் படிக்க முடியாதது இந்த இடம்தான்.

கஞ்சி என்றதும் பாலராமபுரத்தைச் சொல்லாமல் நகர முடியாது. அவிட்டம் திருநாள் பாலராமவர்மா காலத்தில் (1798–1810), திவான் உம்மிணித் தம்பி முயற்சியால், தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் வளர்த்த நெசவூர் அது. வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சியும் தேங்காயெண்ணெயும் தூரிகையால் ஏற்றுவார்கள். குழித்தறியில் கையால் நாடா எறிந்து நெய்கிற பழைய முறை அங்கே இன்னும் விட்டுப்போகவில்லை. அந்த முண்டையும் நேரியதையும் தைக்காமலே உடுத்தலாம். மேடையானாலும் வீடானாலும் துணிக்கு வடிவம் கொடுப்பது கஞ்சியும் கொசுவமும்தான் என்பதே எங்கள் நாட்டு உடைக்கலை என்று எனக்குப் படுகிறது.

கதகளியில் தையல் கண்டது குப்பாயம், அதாவது முழுக்கைச் சட்டை. அனுமனுக்கு வெள்ளை, கரிவேடத்துக்குக் கறுப்பு. இந்தச் சொல் சீவகசிந்தாமணியிலேயே இருக்கிறது. மேடைக்கு வெளியே இதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. மதம் மாறிய நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று 1813-இல் கர்னல் மன்றோ ஆணையிட்டார். அரசவையில் எதிர்ப்பு வரவே அதைத் திரும்பப் பெற்று, குப்பாயம் போட்டுக்கொள்ள மட்டும் இசைவளித்தார். தோள்சீலைக் கலகம் பல்லாண்டு நீண்டது. 1859-ஆம் ஆண்டுப் பிரகடனம் நாடார் பெண்கள் எல்லோருக்கும் மார்பை மறைக்கும் உரிமை தந்தது. அதுவும் மேல்சாதியார் பாணியில் கூடாது என்ற நிபந்தனையோடு. அணியறையில் ராட்சசனுக்கும் உண்டு குப்பாயம், வெளியில் நம் பாட்டிமாருக்கு அதுவும் கேட்டுப் பெறவேண்டியிருந்தது! நாடக உடையைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்க்காரனுக்கு இது நினைவில் வராமல் போகாது. அதே காலத்தில், 1820-களில், நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்பித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊசிவேலையால் நம் பெண்கள் கையில் காசு புழங்கியது அப்போதுதான்.

தலையில் வைக்கும் கிரீடம் குமிழ மரத்தில் செதுக்குவது. அதைச் செய்கிறவர்களைப் பார்க்க விரும்பினால் பாலக்காட்டு வெள்ளிநேழி வரை போகவேண்டும்.

விடுமுறைக்கு ஊர் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். திருவிழாச் சீசனில், ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் முன்பே போய், கேட்டுக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு அணியறையில் ஓரமாக உட்காருங்கள். செல்போனை உள்ளே வையுங்கள். கச்சையின் முனையைப் பிடிக்கச் சொன்னால், இரண்டு கையாலும் பிடியுங்கள்.