மாதச் சம்பளக்காரருக்கு மணிக்கணக்கு இல்லையா?

"நீர் சலரியில இருக்கிறீர், ஓவர்டைம் கேட்க ஏலாது எண்டு முதலாளி சொல்லுறார்." கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் மனேஜராக வேலை செய்யும் எம்மவர்கள் இதை எங்களிடம் அடிக்கடி சொல்வார்கள்.

முதலாளி சொல்வதில் பாதி சரி. கூடுதல் மணித்தியாலத்துக்குத் தனிச் சம்பளம் தரவேண்டும் என்று பிரித்தானியச் சட்டம் சொல்லவில்லை. அது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆனால் செய்த வேலை நேரத்தைக் கணக்கிட்டால், சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. இதுதான் பலருக்குத் தெரியாத மற்றப் பாதி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வரிக்கு முன் வருஷச் சம்பளம் 27,600 பவுண்ட். ஒப்பந்தத்தில் கிழமைக்கு 40 மணித்தியாலம். மணிக்கு 13.27 பவுண்ட் வருகிறது, பிழையில்லை. உண்மையில் 60 மணித்தியாலம் நிற்கிறீர்கள் என்றால் அது 8.85 ஆகிவிடும். 2025 ஏப்ரலில் 21 வயதிலிருந்து குறைந்தபட்ச ஊதியம் 12.21 பவுண்ட். அது ஏப்ரலில் மாறுவது வழக்கம், ஆகவே இப்போதைய தொகையை விசாரித்துக் கொள்ளுங்கள்.

கவனிக்க: மாதச் சம்பளக்காரருக்கு இதை ஒரு கிழமையை வைத்துப் பார்ப்பதில்லை. ஒப்பந்தப்படியான வருஷ மணித்தியாலங்கள் முடிந்த பிறகு செய்யும் வேலைதான் மேலதிகமாகக் கணக்கில் வரும். அதனால் வருஷம் முழுவதும் எழுதி வையுங்கள். ஒரு சின்னக் கொப்பி போதும்: திகதி, வந்த நேரம், போன நேரம். ரோட்டாவையும் ஃபோனில் படம் எடுங்கள். மாறிய ரோட்டாவை, பழையதை அழிக்காமல், வேறாக எடுங்கள்.

1998ஆம் ஆண்டின் வேலைநேர விதிகளின்படி, 17 கிழமைச் சராசரி 48 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். வேலை தொடங்கும் நாளில் மற்றத் தாள்களோடு இதையும் நீட்டுவது வழக்கம், பலர் வாசிப்பதே இல்லை. கையெழுத்து வைத்திருந்தாலும் பயமில்லை: எழுத்தில் அறிவித்து அதை மீளப் பெறலாம். சாதாரணமாக ஏழு நாள் முன்னறிவித்தல், ஒப்பந்தத்தில் இருந்தால் மூன்று மாதம் வரை. "நீர் மனேஜர், உமக்கு இது பொருந்தாது" என்பார்கள். தன் நேரத்தைத் தானே தீர்மானிப்பவருக்குத்தான் அந்த விலக்கு. ரோட்டா மேலிருந்து வந்தால் நீங்கள் பெயருக்குத்தான் மனேஜர்.

இரவு 11க்குக் கடையைப் பூட்டி, காலை 6க்குத் திறக்கச் சொல்கிறார்களா? இரண்டு வேலை நாட்களுக்கு நடுவில் 11 மணித்தியால ஓய்வு உண்டு. சில வேலைகளுக்கு விலக்கு இருந்தாலும், அந்த ஓய்வைப் பொதுவாக வேறு நேரத்தில் தரவேண்டும்.

முதலாளியும் எங்கட ஆள், எப்பிடிக் கேக்கிறது என்பீர்கள். கேட்பது உங்கள் உரிமை. இதைக் கேட்டதற்காக உங்களை நிறுத்துவது சட்டவிரோதம், எத்தனை மாதம் வேலை செய்தீர்கள் என்பது அதற்குத் தேவையில்லை. அகதி அந்தஸ்தை முதலாளி தரவில்லை, அவரால் பறிக்கவும் முடியாது. முதலாளியின் ஸ்பொன்சரில் வேலை விசாவில் இருப்பவர்கள் மட்டும், முறைப்பாட்டுக்கு முன் எங்களோடு கதையுங்கள்.

அகாஸ் இலவச ஆலோசனை: 0300 123 1100. தீர்ப்பாயத்துக்குப் போகக் காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாதேங்கோ. ஆங்கிலத்தில் கதைக்கத் தயக்கமென்றால் கொப்பியோடும் சம்பளச் சிட்டையோடும் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், பக்கத்தில் இருந்து எடுத்துத் தருவோம்.