பெயரும் தலையெழுத்தும்

(புனித திருமுழுக்கு யோவான் பிறப்புப் பெருவிழாவையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரை)



புனிதர்களுக்குப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளைத்தான் திருச்சபை விழாவாகக் கொண்டாடுகிறது. ஆண்டவர் இயேசுவுக்கும் அன்னை மரியாவுக்கும் அடுத்தபடியாகப் பிறந்த நாள் விழா காண்கிறவர் திருமுழுக்கு யோவான் ஒருவரே. சூன் 24 ஆம் நாள் வாசிக்கப்படும் நற்செய்தியை (லூக்கா 1:57-66, 80) சற்றுக் கவனியுங்கள். குழந்தை பிறந்த செய்தி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி, பெயர் வைப்பதில் எழுந்த தகராறு!

நம் வீடுகளில் நடப்பது போலவேதான் அங்கும் நடக்கிறது. எட்டாம் நாள் சொந்தபந்தமும் அக்கம்பக்கமும் கூடிவிட்டன. அப்பா பெயரையே வைத்துவிடலாம் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். தாய் குறுக்கிட்டு, யோவான் என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்கிறார். உங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாதே என்று மறுக்கிறார்கள். தாயின் சொல் அங்கே எடுபடவில்லை. பேச முடியாமல் இருக்கிற தகப்பனிடம் சைகை காட்டிக் கேட்கிறார்கள். அவரோ எழுதுபலகையை வாங்கி, மனைவி சொன்ன பெயரையே எழுதிக் கொடுக்கிறார்.

மூவரின் பெயருக்கும் பொருள் உண்டு. சக்கரியா என்றால் ‘ஆண்டவர் நினைவுகூர்ந்தார்’. எலிசபெத்து என்ற பெயருக்கு ‘என் கடவுள் இட்ட ஆணை’ என்பது போலப் பொருள் சொல்வார்கள். யோவான் என்பது எபிரேயத்தில் யோகனான், அதாவது ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’. கடவுள் தாம் இட்ட ஆணையை நினைவுகூர்ந்து அருள்கூர்ந்தார் என்னும் மீட்பின் செய்தி அந்த ஒரு குடும்பத்தின் பெயர்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இந்தப் பெயரை நம் முன்னோர் எப்படித் தமிழாக்கினார்கள் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் 1995 இல் வந்த பிறகுதான் நாம் யோவான் என்று வாசிக்கிறோம். அதற்கு முன் அவர் அருளப்பர். வெறும் ஓசையைக் கடன் வாங்காமல் பொருளையே தமிழில் வைத்தார்கள். பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் ‘சிறியவர்’ என்று பொருள்; ஆகவே சின்னப்பர். அந்திரேயா என்ற கிரேக்கப் பெயரில் ஆண்மை, வலிமை என்ற பொருள் இருப்பதால் பெலவேந்திரர். பெனடிக்ட் என்றால் ஆசி பெற்றவர், எனவே ஆசீர்வாதம். அமல உற்பவம் என்னும் மறையுண்மை முழுவதும் அமலோற்பவம் என்ற ஒரு பாட்டியின் பெயரில் அடங்கியிருக்கிறது. அந்தப் பாட்டிகளின் பெயர்த்திகளுக்கு இன்று இணையத்தில் தேடி ‘ஷ்’ என்று முடிகிற பெயராகப் பார்த்து வைக்கிறார்கள். பொருள் கேட்டால் தாயும் தந்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்! திருச்சபைச் சட்டம் 855 இன்று புனிதர் பெயர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக்கூடாது என்பதைப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்கிறது.

எல்லாப் பெயரும் பக்தியிலிருந்து பிறந்ததும் அல்ல. அசிசி நகரத்துப் புனிதருக்குத் திருமுழுக்கில் வைத்த பெயர் யோவான்தான். பிரான்சு நாட்டோடு துணி வணிகம் செய்த தகப்பனார் ஊர் திரும்பியதும் பிரான்செஸ்கோ, அதாவது ‘பிரெஞ்சுக்காரன்’, என்று அழைக்கத் தொடங்கினார், அதுவே நிலைத்துவிட்டது. சேவியர் என்பதோ ஆள் பெயரே அல்ல. புனித சவேரியார் 1506 இல் பிறந்த கோட்டையின் பெயர் அது. பாஸ்கு மொழியில் ‘புதிய வீடு’ என்று பொருள். ஆக, பிரான்சிஸ் சேவியர் என்பதை அப்படியே தமிழில் சொன்னால் ‘புதுவீட்டுப் பிரெஞ்சுக்காரர்’! நம் ஊர்ச் சவரிமுத்துகளும் சவரியம்மாள்களும் இதைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளட்டும். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1530களில் திருமுழுக்குப் பெற்ற மக்களிடையே போர்த்துக்கீசியரின் குடும்பப் பெயர்கள் பரவின. அவற்றுள் பர்னாந்து என்பது பழைய செருமானிய மொழி வழிவந்த பெயர். ‘துணிந்து பயணம் போகிறவன்’ என்று அதற்குப் பொருள் கூறுவர். கட்டுமரம் ஏறிக் கடலுக்குப் போகிறவர்களுக்குப் பொருத்தமாகத்தான் அமைந்தது.

குடும்பப் பெயர் என்பது உலகம் முழுவதும் இருக்கிற வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மியான்மர் மக்களுக்கு அது கிடையாது. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்கு இன்றும் இல்லை. அங்கே ஜோன் என்பவரின் மகன் ஜோன்சன், மகள் ஜோன்ஸ்தோத்தர். தொலைபேசிப் புத்தகத்தில்கூடச் சொந்தப் பெயரின் வரிசையில்தான் தேட வேண்டியிருந்தது. ஆண்டவரும் பேதுருவை யோனாவின் மகன் சீமோன் என்றே அழைத்தார். நாம் பெயருக்கு முன்னால் போடுகிற ஓரெழுத்தும் இதே வழக்கத்தைச் சேர்ந்ததுதான். ஐரோப்பாவில் குடும்பப் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக மாறாமல் நிலைத்ததில் நம் பங்கு அலுவலகங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. திருமணப் பதிவேடு ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும் என்று திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563 இல் கட்டளையிட்டது. ஏட்டில் ஏறிய பெயர் எளிதில் மாறுவதில்லை.

ஏட்டில் ஏறிய பெயர் சில பிள்ளைகளைச் சுட்டும் இருக்கிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மங்களவார்த்தை அன்னையின் பெயரால் ஓர் இல்லம் இருந்தது. அதன் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று. வளர்க்க வழியில்லாத தாய், இரவில் வந்து குழந்தையை அதில் வைத்துச் சுழற்றிவிட்டுப் போய்விடுவாள். உள்ளே இருக்கும் சகோதரிகள் எடுத்துக்கொள்வார்கள். ஆதரவில்லாத எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய பெட்டி அது. 1875 வரை இருந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்குக் குடும்பப் பெயர் வேண்டுமே! ‘எஸ்போசிதோ’ என்று எழுதினார்கள். ‘வெளியே விடப்பட்டவன்’ என்று பொருள். வாழ்நாள் முழுவதும், வேலை கேட்கும்போதும் பெண் கேட்கும்போதும், தன் பிறப்பைத் தானே அறிவித்துக்கொண்டு நடக்க வேண்டிய பெயர். பிறகு 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பெயரைப் புதிதாக இடுவதை அரசு தடை செய்தது. பிளாரன்சு நகரத்து இல்லம் தன் குழந்தைகளுக்கு ‘மாசற்றோர்’ என்று பொருள்படும் இன்னொசெந்தி என்ற பெயரைக் கொடுத்தது. மிலான் நகரில் கொலம்போ, அதாவது ‘புறா’. அந்த இல்லத்தின் சின்னம் அது. மூன்றுமே பக்தியுள்ள கைகள் எழுதிய பெயர்கள்தான். ஆனால் ஒரு கை குழந்தைக்கு நேர்ந்ததை எழுதியது. மற்ற கைகள் குழந்தையைப் பார்த்து எழுதின. எஸ்போசிதோ இன்றும் நேப்பிள்ஸ் பகுதியில் மிகப் பரவலான குடும்பப் பெயர். வெட்கமெல்லாம் எப்போதோ தேய்ந்துபோய், எல்லாப் பெயரையும் போல அதுவும் ஒரு பெயராகிவிட்டது.

நாசரேத்துக்கு வருவோம். தந்தையின் பெயரால் மகனை அழைக்கும் ஊர் அது. அங்கே இயேசுவைப் பார்த்து, இவர் மரியாவின் மகன்தானே என்கிறார்கள் (மாற்கு 6:3). அதில் ஏளனம் ஒலிக்கிறது என்று விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்பன் பெயரைச் சொல்லாமல் அம்மா பெயரைச் சொல்வது என்றால் என்ன பொருள் என்பது அந்தத் தெருவுக்குத் தெரியும். நம் தெருவுக்கும் தெரியும். சூசையப்பர் என்ன செய்தார்? மத்தேயு நற்செய்தியில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் குழந்தைக்கு இயேசு என்று பெயரிட்டவர் அவர் என்று அதிகாரத்தின் கடைசி வரி சொல்கிறது. யூத முறையில் பெயரிடுவது, இது என் பிள்ளை என்று சட்டப்படி ஏற்றுக்கொள்வதாகும். தாவீதின் மகன் என்ற உரிமை ஆண்டவருக்கு வந்தது அந்த வழியாகத்தான்.

தமிழில் முதலெழுத்துக்குத் தலையெழுத்து என்ற பெயரும் உண்டு. விதிக்கும் அதே சொல்! திருமுழுக்குப் படிவத்தில் ‘தந்தையின் பெயர்’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடுகிற தாய்மார்களைப் பங்குத்தந்தையர் எல்லாருமே பார்த்திருப்போம். விட்டுவிட்டுப் போன கணவன், பெயரே சொல்ல விரும்பாத ஒருவன், எதுவாகவும் இருக்கலாம். அந்தக் கட்டத்துக்குப் பயந்தே பிள்ளையைக் கோவிலுக்குக் கொண்டுவராமல் இருக்கிறவர்களும் உண்டு. சிலர் பாட்டனார் பெயரை எழுதிச் சமாளிக்கப் பார்க்கிறார்கள்.

தேவையே இல்லை. மணமாகாத தாயின் குழந்தைக்கு என்ன எழுதுவது என்பதைத் திருச்சபைச் சட்டம் 877 தெளிவாகச் சொல்கிறது. தாய்மை ஊரறிந்ததாக இருந்தாலோ, தாயே எழுத்து மூலமாகவோ இரு சாட்சிகள் முன்னிலையிலோ கேட்டுக்கொண்டாலோ அவர் பெயர் பதிவாகும். தந்தையின் பெயர், அரசு ஆவணமோ, பங்குத்தந்தையிடம் இரு சாட்சிகள் முன்னிலையில் அவரே தந்த அறிக்கையோ இருந்தால் மட்டுமே பதிவாகும். இல்லையென்றால் தந்தையின் பெயர் குறிப்பிடப்படாமலே குழந்தையின் பெயர் ஏடேறும். ஊகித்து எழுத எனக்கு அதிகாரமே இல்லை. தத்தெடுத்த பிள்ளைக்குத் தத்தெடுத்தவர்களின் பெயர் எழுதப்படுகிறது. நாட்டின் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. மணமாகாத தாய், குழந்தையின் தந்தை யாரென்று வெளியிடாமலே சட்டப்படி பாதுகாவலராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 இல் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த அந்தப் பெண் ஒரு கிறிஸ்தவர். கடவுச்சீட்டு விண்ணப்பத்திலும் 2016 இறுதி முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். தாயின் எழுத்தைப் பிள்ளைக்குத் தலையெழுத்தாகப் போடுவது குறைவு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: ஐஸ்லாந்தின் கால்பந்து வீரர் ஹெய்டர் ஹெல்குசனின் பெயருக்கு ‘ஹெல்காவின் மகன்’ என்று பொருள். ஹெல்கா என்பது தாயின் பெயர்.

ஊராரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். திருமுழுக்கு நடக்கும்போது, ‘பிள்ளைக்கு இனிஷியல் என்ன?’ என்று பின்வரிசையில் கிசுகிசுக்க வேண்டாம். சடங்கின் தொடக்கத்தில் குரு கேட்பது, பிள்ளைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்று மட்டும்தான்.

குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாகப் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். பிறப்புச் சான்றிதழ் நகலும் ஞானப்பெற்றோரின் விவரமும் போதும். எந்தக் கட்டத்தையாவது எப்படி நிரப்புவது என்று தயக்கம் இருந்தால், அதை வெறுமையாகவே விட்டுக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளலாம்.