மூட்டுவலி ஒரு நோயா, பல நோய்களா?

பத்தாம் வகுப்பு மாணவி



எறையூரில் மூட்டுவலி என்ற சொல்லைக் கேட்காத வீடு இராது. பருத்தி எடுப்பவர், வெங்காயக் கொல்லையில் குந்தியபடி களையெடுப்பவர், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுபவர், ஆலயத்தில் முழந்தாளிட முடியாமல் பெஞ்சியில் அமர்ந்தே செபமாலை சொல்லும் பாட்டிமார் என எல்லாரும் முழங்காலைத் தடவிக்கொண்டே பேசுகிறார்கள். காரணம் கேட்டால் "வாயு" என்ற ஒரே பதில்தான் வரும். ஆனால் மூட்டுகளைத் தாக்கும் நோய்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகவும் ஆகலாம்.

இரண்டு எலும்புகள் சேருமிடத்தில் அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. மூட்டைச் சூழ்ந்துள்ள பையின் உட்சவ்வு, அச்சாணிக்கு வண்டி மை போல, வழுக்கும் நீர் ஒன்றைச் சுரக்கிறது. குருத்தெலும்பு தேய்ந்தாலும் வலி, சவ்வு வீங்கினாலும் வலி. வெளியே பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

நம் பாட்டிமாருக்குப் பெரும்பாலும் வருவது மூட்டுத் தேய்வு. வயது, உடற்பருமன், பழைய அடி, ஆண்டுக்கணக்கில் குந்தி வேலை செய்தல், குடும்ப வழி ஆகியவை இதன் காரணங்கள். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறதாம்! வலிக்கிறதே என்று ஒரேயடியாக உட்கார்ந்துவிடுவது தவறு. தொடைத் தசை மெலிந்து, முழங்காலுக்கு இருந்த ஒரே துணையும் போய்விடும். நாற்காலியில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டிச் சற்றே நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். காசில்லாத இந்த மருந்தை எந்தப் பாட்டியும் மருந்தென்று ஒப்புக்கொள்வதில்லை என்பதுதான் வேடிக்கை. முற்றிலும் தேய்ந்த மூட்டுக்குச் செயற்கை மூட்டு பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு.

முடக்குவாதம் வேறு வகை. இது முதுமைக்காகக் காத்திராது. முப்பது, நாற்பது வயதுத் தாய்மாரையும் பிடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், நம் மூட்டுச் சவ்வையே பகைவனென்று எண்ணித் தாக்குகிறது. இரு கை விரல்களும் ஒன்றுபோல் வீங்கும். காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் விரல்களை மடக்க முடியாது. விட்டுவைத்தால் விரல்கள் கோணிவிடும்.

இதற்கு மருந்து கண்ட கதை சுவையானது. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் இருந்த பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதமுள்ள பெண்கள் கருவுற்றிருக்கும்போது வலி தணிவதைக் கவனித்தார். மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் அப்படியே. உடலே ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்று ஊகித்தார். 1948 செப்டம்பரில், படுக்கையாய்க் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார்! 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் தொடர்ந்து மருந்து பெற்றவர்களுக்கு முகம் உப்பியது, எலும்பு வலுவிழந்தது, சர்க்கரை ஏறியது. நிறுத்தினாலோ நோய் திரும்பியது.

இந்த வகை மருந்துகளே ஸ்டீராய்டுகள். மருத்துவர் கணக்காகத் தந்தால் அவை நல்லவைதாம். ஆனால் சீட்டில்லாமல் பொட்டலத்தில் கட்டித் தரும் மாத்திரைகளிலும், நாட்டு மருந்தென்று விற்கும் சில பொடிகளிலும் இவை மறைந்திருப்பதுண்டு. என் உறவுக்காரப் பாட்டி ஒருவர் இரண்டாண்டுகள் இத்தகைய மாத்திரைகளைத் தின்று, "கைராசியான மருந்து" என்று புகழ்ந்து வந்தார். முகம் உருண்டதைக் கண்டு, உடம்பு தேறிவிட்டது என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஒருநாள் வாசற்படியில் இலேசாகத்தான் சறுக்கினார், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இவற்றை நெடுநாள் உண்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரே சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

முடக்குவாதத்துக்கு இன்று முதலில் தரும் மருந்து மெத்தோட்ரெக்சேட். இதில் நாம் பெருமைப்பட இடமுண்டு. 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் நடத்திய ஆய்வுகளிலிருந்தே இம்மருந்து பிறந்தது. முதலில் இரத்தப் புற்றுநோய்க்கே பயன்பட்டது. 1948-இல் மறைந்த அவர், மூட்டு நோயாளிகள் இதனால் நலம்பெற்றதைக் காணவில்லை. இதனுடன் தரப்படும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும் அவருடைய குழுவே. இந்த மாத்திரை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே. நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே கேடு. கருவுற்ற தாய்மார் உண்ணலாகாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து பொட்டல மாத்திரைக்குத் திரும்புபவர்களே பலர்.

யூரிக் அமிலம் படிந்து கால் பெருவிரல் இரவோடிரவாகச் சிவந்து வீங்குவது இன்னொரு வகை. 2006-இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியா, கொசுவால் வந்த மூட்டுவலி. அப்பெயருக்கு ஆப்பிரிக்க மொழியொன்றில் "வளைந்துபோதல்" என்று பொருள். அந்நாட்களில் நடந்தவர்களைப் பார்த்தவர்கள் பெயர் பொருத்தம் என்பார்கள்.

நம் வயதினருக்கு வரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தொண்டைப் புண் ஆறி இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சலுடன் முழங்கால் வீங்கி, அது தணிந்ததும் கணுக்கால், பிறகு மணிக்கட்டு என்று வலி இடம் மாறினால், அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளையே இது மிகுதியும் தாக்கும். மூட்டு தானே சரியாகிவிடுவதால் வீட்டார் மறந்துவிடுவர். இதயத்தின் வால்வுகளோ சுருங்கிப் பழுதாகலாம். இந்நோய் கண்டவர்களுக்கு மூன்று வாரத்திற்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகள் தொடர்ந்து போடப்படுகிறது. ஊசி நாளன்று பரீட்சை இருந்தாலும், அன்று மாலையாவது போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும்.